நோயுற்ற வளர்ப்புயிரும் கொல்லாமையும்

கொல்லாமை என்னும் அறத்தை மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியன் ஒருவன், தன் வீட்டிலே 13 ஆண்டு வளர்ந்த நாயை மிருக வைத்தியரைக் கொண்டு ஊசியிடுவித்து இறக்கச் செய்தான். மறுநாள் அவன் பாடசாலைக்குச் சென்றபொழுது ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, கொல்லாமையை எங்களுக்குப் படிப்பித்த நீங்களே உங்கள் நாயைக் கொல்லுவித்தீர்களாமே, அது பாவமில்லையா?" என்று வினாவினான். வகுப்பு முழுவதும் ஓசையடங்கி ஆசிரியனுடைய முகத்தை நோக்கிற்று. அவ்வாசிரியன் யானே. அன்று யான் அம்மாணவனுக்கு விடை கூறிற்றிலேன். "பிறகு சொல்லுகிறேன்" என்று கூறிக் கணக்குப் பாடத்தைத் தொடங்கினேன்.

விடை கூறாது கணக்குப் பாடத்தின் பின்னே ஒளித்துக்கொண்டது ஆசிரியனுக்கு அழகன்று. அவ்விடையைத் தேடிச் சென்ற வழியே இக்கட்டுரையாகும். நம் ஆசிரியர் பலருடைய வீடுகளிலும் நாயோ, பூனையோ, பசுவோ உண்டு. அவை மூத்துத் தளர்ந்து நோயுறும் நாள் ஒவ்வொருவர்க்கும் வரும். அந்நாளில் நாம் செய்வதையும் செய்யாது விடுவதையும் நம் பிள்ளைகளும் மாணவரும் பார்த்துக்கொண்டிருப்பர். நூலிலே நாம் கற்பிக்கும் அறத்தினும், முற்றத்திலே நாம் நடந்துகாட்டும் அறமே அவர் நெஞ்சில் ஆழப் பதியும் என்பது ஆசிரியர்க்கு நாம் எடுத்துக் கூறவேண்டுவதன்று.

கொல்லாமை சைவர்க்குப் புறத்தேயிருந்து வந்தொட்டிய விரதமன்று. திருவள்ளுவர் அருளுடைமை, புலான்மறுத்தல், இன்னாசெய்யாமை, கொல்லாமை என்பவற்றைத் துறவறவியலுள்ளே வெவ்வேறதிகாரங்களாக வகுத்தார். நாவலரவர்கள் சிறுவர்க்கென இயற்றிய பாலபாடத்திலே கொலையையும் புலாலுண்ணலையும் தனித்தனியே எடுத்துக் கண்டித்தார். ஆகவே, "வளர்த்தவனே கொல்லலாமோ" என்று ஒரு சிறுவன் கேட்பானாயின், அவன் நம்மிடம் கற்ற பாடத்தையே நமக்குத் திருப்பித் தருகின்றான். அவன்மேற் சினத்தற்கு இடமில்லை.

எனினும், அவ்வதிகாரங்களின் முறையை உற்றுநோக்குவார்க்கு ஒன்று புலனாகும். அருளுடைமை முன்னிற்கின்றது, கொல்லாமை பின் வருகின்றது. பிறவுயிர் படுந் துன்பத்தைத் தன் துன்பமாகக் கொள்வதே அருள். அவ்வருளின் காரியமாகவே கொல்லாமை பிறக்கின்றது. தாயை இழந்த பன்றிக்குட்டிகளுக்கு இறைவன் தாயாகி முலைகொடுத்த வரலாற்றைத் திருவிளையாடற் புராணத்திற் படிக்கின்றோம். இழிந்தனவென்று உலகம் ஒதுக்கிய உயிர்களின் பசியும் திருவருளுக்குப் புறம்பன்று என்பதே அதன் பொருள். அருளும் கொல்லாமையும் பெரும்பாலும் ஒரே வழியிற் செல்வன. ஆனால், தீராத நோயினாலே துடித்துக் கிடக்கும் ஒரு பிராணியின் முன்னிலையில், அவ்விரண்டும் இரு வேறு வழியைக் காட்டுவன போலத் தோன்றும். ஒன்று "தொடாதே" என்கின்றது. மற்றொன்று "பார்த்துக்கொண்டு நில்லாதே" என்கின்றது. இதுவே நம் முன்னுள்ள வினா.

இவ்வினாவிற்கு யான் ஒருமுறை தவறான விடை கண்டவன். 2011 ஆம் ஆண்டிலே எங்கள் வீட்டில் இருந்த கறுவல் என்னும் நாய்க்குத் தாடையிலே கட்டி ஒன்று உண்டாயிற்று. அது எலும்பையுந் தின்று பரவிவிட்டதென்றும், உண்ணவும் நீர் பருகவும் இயலாத நிலை அணித்தென்றும், விரும்பினால் வேதனையின்றி இறக்கச் செய்யலாமென்றும் மிருக வைத்தியர் கூறினார். யான் மறுத்துவிட்டேன். "அதன் வினையை அது நுகர்ந்து தீரட்டும், நான் ஏன் கொலைப்பாவத்தைச் சுமக்கவேண்டும்?" என்றேன். கறுவல் பதினொரு நாள் மாமரத்தடியிற் கிடந்து இறந்தது. அந்நாட்களிலே இரவில் அதன் முனகல் கேளாதிருக்கும்பொருட்டு, அப்பக்கத்து யன்னலைச் சாத்திக்கொண்டு உறங்கினேன். பாவம் என்னைச் சேரவில்லையென்று யான் நினைத்திருந்தேன். பல ஆண்டுகளின் பின்னரே, யான் காத்தது கறுவலின் உயிரையன்று, என் மனத்தின் வெண்மையையே என்பது விளங்கிற்று. அவ்வெண்மைக்குரிய விலையை யான் கொடுக்கவில்லை, கறுவல் கொடுத்தது.

"வினையை நுகர்ந்தே தீரவேண்டும்" என்னும் அவ்வாக்கைச் சிறிது ஆராய்வோம். பிராரத்தம் நுகர்ந்தே கழியும் என்பது நம் கொள்கையே. ஆயின், அதனைக் காரணமாகக் காட்டி உதவி செய்யாது நிற்றல் நமக்கு விதிக்கப்பட்டதோ? அங்ஙனமாயின், பசித்தவனுக்குச் சோறிடலும், புண்பட்டவனுக்கு மருந்திடலும், கிணற்றில் வீழ்ந்த குழந்தையைத் தூக்குதலும் வினைக்கு இடையூறு செய்தலாய் முடியும். அங்ஙனம் கூறுவார் யாருமிலர். தம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வைத்தியசாலைக்கு ஓடுகின்றவர், நாய்க்குக் காய்ச்சல் வந்தபொழுது மாத்திரம் வினையை நினைத்தல், கொள்கையின் உறுதியன்று; சோம்பலுக்கும் அச்சத்துக்கும் கொள்கையைப் போர்வையாக்குதலேயாம். ஓருயிரின் வினை எத்துணையது, எங்கே முடிவது என்பதை அறிவான் இறைவன் ஒருவனே. நம் கையிலே தரப்பட்டது இரக்கம் ஒன்றே.

இதே நியாயம் மறுபுறமும் செல்லும் என்பதை மறத்தலாகாது. "ஆன்மா அழிவதில்லை, உடம்பை நீக்கி நற்கதிக்கு அனுப்புகின்றோம்" என்று கூறி இச்செயலைப் புனிதமாக்குவாரும் உளர். அவ்வாறு சொல்லுதற்கு நமக்கு உரிமையில்லை. அந்த வாதத்தை ஏற்றால், கசாப்புக்கடைக்காரனும் அதனையே கூறித் தப்புவான். பிற உயிரின் மறுமையை அறியாத நாம், அதன் இம்மைத் துன்பத்தைக் கண்முன்னே காண்கின்றோம். காண்பதைக் கொண்டே துணிதல் வேண்டும்.

இவ்வினாவிலே பெருங் கண்டனத்துக்கு ஆளாகியும் தம் கருத்தை மறையாது எழுதியவர் காந்தியடிகள். அவர் 1927 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே யாழ்ப்பாணத்துக்கு வந்து சென்றதை நம் முன்னோர் நேரிற் கண்டனர். அதற்கு அடுத்த ஆண்டிலே, அகமதாபாத்து நகரையடுத்த சபர்மதி ஆச்சிரமத்திலே கன்று ஒன்று உறுப்புக் கெட்டு நோயுற்றுக் கிடந்தது. அதற்கு இனிச் செய்யத்தக்கது ஒன்றுமில்லையென்று வைத்தியர் கைவிட்டார். ஒருபுறமிருந்து மறுபுறம் புரளுதற்கும் ஆற்றாதபடி அதன் வேதனை இருந்தது. காந்தியடிகள் ஆச்சிரமத்தாரோடு ஆலோசித்தார். அவருள்ளே உடன்படாதாரும் இருந்தனர். முடிவிலே வைத்தியர் ஒருவரைக் கொண்டு ஊசியிடுவித்து அக்கன்றின் உயிரை முடிப்பித்தார். ஒளிக்காது அதனைத் தம் பத்திரிகைகளாகிய நவஜீவனிலும் யங் இந்தியாவிலும் 1928 ஆம் ஆண்டிலேயே எழுதினார். எழுதவே, கடுஞ்சொற்கள் நிறைந்த கடிதங்கள் அவர்மேல் வந்து குவிந்தன. அது வியப்பன்று. முதிர்ந்த பிராணிகளையும் நோயுற்ற பிராணிகளையும் அவை தாமாக இறக்குமட்டும் வைத்துப் பேணும் பிஞ்சராப்போல் என்னும் சாலைகளை நெடுங்காலமாக நடாத்திவரும் நாடு குஜராத்து. சமணரும் வைணவரும் கொல்லாமையை உயிர்போலப் போற்றும் அந்நாட்டிலே, பசுவின் கன்றுக்கு ஊசியிடுவித்தேன் என்று அவர் எழுதினார்.

அவருடைய எழுத்தில் நாம் கற்கவேண்டியது கன்றின் செய்தி மாத்திரமன்று. அதனையொட்டியே, ஆச்சிரமத்துப் பயிரை அழிக்கும் குரங்குகளைப் பற்றியும் அவர் எழுதினார். கன்றைக் கொன்றது அக்கன்றின் நன்மைக்காக. குரங்கைக் கொல்ல நேர்ந்தால் அது நம் பயிருக்காக. முன்னையது அகிஞ்சையாகலாம், பின்னையதை அகிஞ்சையென்று அழைத்தல் தன்னைத் தான் ஏமாற்றுதலாம் என்பது அவர் கருத்து. செயல் ஒன்றாயினும், யார் பொருட்டுச் செய்யப்படுகின்றது என்பதனாலே அதன் தன்மை வேறாகின்றது. காந்தியடிகளை ஏற்றுக்கொள்ளாதாரும் இவ்வேறுபாட்டை மறுத்தற்கியலாது. இதனைக் கைவிளக்காகக் கொண்டு, மேலே நாம் செல்லலாம்.

நோயுற்ற பிராணிக்கு விடைகொடுக்க நினைப்பவர் தம்மைத் தாமே கேட்கவேண்டிய வினாக்கள் நான்கு.

முதலாவது, இந்நோய் தீருமா என்பது. பார்த்தற்கு அஞ்சத்தக்க நோயெல்லாம் தீராநோயல்ல. நம் ஊர் நாய்களின் பிறப்புறுப்பிலே தோன்றிக் குருதி சொட்டும் தொற்றுக்கட்டி ஒன்று உண்டு. அதனைக் கண்டோர் "இனிப் பிழையாது" என்று முடிவு செய்வர். ஆனால், வின்கிறிஸ்ரீன் என்னும் மருந்தை வாரமொருமுறை சில வாரங்களுக்கு ஏற்றினால் அக்கட்டி பெரும்பாலும் முற்றாகக் கரைந்துபோம். உண்ணியினாலே வருங் காய்ச்சலும் அத்தகையதே. எழமாட்டாது வெளிறிக் கிடக்கும் நாய், குருதியைச் சோதித்து உரிய மருந்தைக் கொடுத்தபின், சின்னாளில் எழுந்து படலைக்கு ஓடுதலைக் காண்கின்றோம். ஆகையால், கற்ற வைத்தியர் ஒருவர் சோதித்து நோயின் பெயரைச் சொல்லுமுன், அயலார் சொற்கேட்டு ஒன்றைத் துணிதல் பெருந் தவறாகும்.

இரண்டாவது, நோய் தீராதாயினும் வேதனை தணியுமா என்பது. தீராநோயோடு பல மாதம் இனிது வாழும் பிராணிகள் உண்டு. நோவைத் தணிக்கும் மருந்தும், தோலின் கீழே ஏற்றும் உப்புநீரும், மென்மையான உணவும், ஈரமில்லாத படுக்கையும் அவற்றுக்கு வாழ்நாளைத் தருவன. இங்கே ஓர் எச்சரிக்கை. மனிதருக்குரிய நோவுக் குளிசைகளை நாமே எடுத்துக் கொடுத்தலாகாது. நாம் தலையிடிக்கு விழுங்கும் பரசிற்றமோல் பூனைக்கு நஞ்சு; ஐபுபுறூபன் நாய்க்கும் பூனைக்கும் தீங்கு செய்வது. அன்பினாலே கொடுத்ததாயினும் நஞ்சு நஞ்சே.

மூன்றாவது, அப்பிராணிக்கு வாழ்விலே இன்னும் என்ன எஞ்சியிருக்கின்றது என்பது. இது சொல்லுதற்கெளிது, காணுதற்கரிது. ஏனெனில், விலங்குகள் தம் நோவை மறைக்கும் இயல்புடையன. அழாமையினாலே நோவில்லையென்று கொள்ளற்க. ஒதுங்கிக் கிடத்தல், இளைத்தல், உடம்பை நக்கித் துப்புரவு செய்யாது விடுதல், பழகிய குரல் கேட்டும் வாலசையாமை என்பன அவற்றின் மொழி. அலிஸ் வில்லலோபொஸ் என்னும் அமெரிக்க மிருக வைத்தியர் 2004 ஆம் ஆண்டிலே இதற்கோர் அளவுகோல் வகுத்தார். நோவு, பசி, நீர்ப்பற்று, துப்புரவு, மகிழ்ச்சி, நடமாட்டம், தீய நாளினும் நல்ல நாள் மிகுதியாயிருத்தல் என்னும் ஏழுக்கும் தனித்தனியே பத்துப் புள்ளிவரை இட்டு, மொத்தம் 35 இன் மேற்பட்டால் வாழ்வு தாங்கத்தக்கது என்று அவர் கொண்டார். புள்ளியிடுதல் ஆசிரியர்க்குப் பழகிய தொழில். ஆயினும், அவ்வெண் தீர்ப்பாகாது. நம் கண்ணை மூடும் ஆசையிலிருந்து நம்மைக் காக்கும் கருவி மாத்திரமாம்.

எங்கள் மணிக்குச் சிறுநீரகங்கள் கெட்டன. சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறக்குறைய முக்காற்பங்கு அழிந்த பின்னரே குருதிச் சோதனையிலே நோய் தெளிவாகத் தோன்றும் என்றும், அழிந்தது மீளாதென்றும் வைத்தியர் விளக்கினார். உப்புநீரும் உணவு மாற்றமும் அதற்கு ஐந்து மாதம் கொடுத்தன. அம்மாதங்களிலே சுவரிலிருந்த நாட்காட்டியில் நல்ல நாளுக்கு ஒரு வட்டமும் தீய நாளுக்கு ஒரு கோடும் இட்டுவந்தேன். மாலையிலே படலை திறக்கும் ஓசைக்கு எழுந்து வந்தால் வட்டம். சோற்றை முகர்ந்து திரும்பிக்கொண்டால், அல்லது உண்டதைக் கக்கினாற் கோடு. முதல் மாதத்திலே கோடுகள் நான்கு. ஐந்தாம் மாதத்திலே வட்டங்கள் மூன்று. எழுதிவையாதிருந்தால், அம்மூன்று வட்டங்களையே நினைவிற்கொண்டு, "நேற்றுக்கூட நன்றாயிருந்ததே" என்று யான் என்னை ஏமாற்றியிருப்பேன்.

நான்காவதே எல்லாவற்றிலுங் கடியது: இம்முடிவு யார் பொருட்டு என்பது. நாற்றம் பொறுக்கவில்லை, பார்க்க ஆளில்லை, வெளிநாட்டுப் பயணம் நெருங்குகின்றது, பிள்ளைக்குப் பரீட்சை வருகின்றது, இளங்குட்டி வாங்கவேண்டும் என்பனவெல்லாம் நம் பொருட்டாய காரணங்கள். அவற்றுக்காக ஓருயிரை முடிப்பித்தல் கொலையே. அருள் என்னும் பெயர் அதற்கு ஒட்டாது. நம் நாட்டிலே தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கத்தை 2006 ஆம் ஆண்டுமுதல் அரசாங்கம் கைவிட்டு, கருத்தடையையும் விசர்நோய்த் தடுப்பூசியையும் மேற்கொண்டது. தெருநாய்க்கு நாடு கொடுத்த அவ்விரக்கத்தை, நம்மை நம்பி நம் வாசலிற் கிடந்த நாய்க்கு நாம் மறுத்தல் தகுமா? முதிர்ந்த நாயைச் சாக்கிற் கட்டிச் சந்தையருகிலோ கோயில் வீதியிலோ விட்டுவருவோர், "நாங்கள் கொல்லவில்லையே" என்று ஆறுதலடைகின்றனர். அது கொலையினுங் கொடிது. கொலையோடு நம்பிக்கைத் துரோகமுங் கூடியது. வறுமையினாலே வைத்தியச் செலவு இயலாமை வேறு, அதிலே வெட்கமில்லை. இயலாதவர் அதனை வைத்தியரிடம் வெளிப்படையாகச் சொல்லி, இயன்ற வழியைக் கேட்டல் வேண்டும்.

நம் பொருட்டாய காரணங்கள் முடிவை விரைவுபடுத்துவன மாத்திரமல்ல; தாழ்த்துவனவும் உண்டு. "இன்னும் ஒருநாள் என்னோடிருக்கட்டும்" என்பது நம் பற்று. "பாவம் வந்துவிடும்" என்பது நம் அச்சம். "ஊரார் என்ன சொல்லுவார்" என்பது நம் மானம். சுகத்துக்காகக் கொல்லுதல் தன்னலமென்பதை எல்லாரும் அறிவர். தன் தூய்மைக்காக மற்றோருயிரைத் துன்பத்திற் கிடத்துதலும் தன்னலமே என்பதை அறிவார் சிலர். கறுவலின் காலத்தில் யான் அச்சிலருள் ஒருவனாயிருக்கவில்லை.

நான்கு வினாக்களுக்கும் விடை கிடைத்தபின்னும் "எந்நாள்" என்னும் வினா எஞ்சிநிற்கும். இந்நாளே சரியான நாளென்று வானிலே எழுதியிருக்கமாட்டாது. நோய் தீராது, நோவு தணியாது, நல்ல நாட்கள் அருகிவிட்டன என்பன உறுதிப்பட்டபின், எஞ்சிய காலத்தின் எந்நாளும் பொருந்தும். பிராணியே நமக்குக் குறிகாட்டும் என்று காத்திருப்பாரும் உளர். பெரும்பாலும் அக்குறி, வைத்தியர் கிடையாத நடுநிசியிலே வலிப்பாகவோ மூச்சுத்திணறலாகவோ வரும். அப்பொழுது வருந்திப் பயனில்லை. முன்னரே துணிந்து, பகலிலே, பழகிய முற்றத்திலே, பழகிய கைகளின் நடுவே முடிவதே அப்பிராணிக்கு நன்று. அங்ஙனம் துணிபவர்க்கு "இன்னும் இரண்டு நாள் இருந்திருக்குமே" என்னும் ஐயம் பின்னர் வரும். அவ்வையத்தை நாம் சுமத்தல் வேண்டும். அது பிராணியின்மேல் ஏற்றத்தக்க சுமையன்று.

அச்செயல் நடைபெறும் முறையையும் அறிந்திருத்தல் நன்று. அறியாமையே அச்சத்தைப் பெருக்குவது. பெரும்பாலும் முதலில் அமைதிதரும் ஊசியொன்று இடப்படும். பிராணி உறங்கியபின், சத்திரசிகிச்சைக்குப் பயன்படும் மயக்க மருந்தின் இனத்தைச் சேர்ந்ததொன்று மிகுந்த அளவில் நாடியில் ஏற்றப்படும். சில வினாடிகளில் உணர்வு முற்றாக நீங்கும். சில நிமிடங்களிலே மூச்சும் இதயமும் நிற்கும். கண் திறந்தபடியே இருத்தலும், தசை துடித்தலும், மூச்சு வாங்குவதுபோன்ற அசைவும் உண்டாகலாம். அவை உணர்வின்றி நிகழ்வன. உடலை ஆழமாகப் புதைத்தல் வேண்டும். அம்மருந்து உடலிலே தங்குவதால், தோண்டித் தின்னும் நாய்க்கும் காகத்துக்கும் தீங்காம். இயன்றவர் அந்நேரத்திலே அருகிருத்தல் கடமை. வாழ்நாள் முழுதும் நம் குரலை நம்பியது, முடிவில் அயலான் குரலை மாத்திரம் கேட்டு இறத்தல் தகாது.

அருகிருத்தலின் அருமையை எமக்குக் கற்பித்தது 1995 ஆம் ஆண்டு. அவ்வாண்டு ஒற்றோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் வீடுவாசல்களை விட்டுத் தென்மராட்சியை நோக்கி நடந்தபொழுது, இளைஞனாயிருந்த யானும் அக்கூட்டத்திலே சென்றேன். எங்கள் வீட்டு நாயின் கயிற்றை அவிழ்த்து, ஒரு சட்டி நிறையச் சோறு வைத்துவிட்டுப் புறப்பட்டோம். அது படலைவரை வந்து நின்றது. மறு ஆண்டிலே மீண்டபொழுது சட்டி மாத்திரம் கிடந்தது. அது எவ்வாறு முடிந்தது என்பதை இன்றுவரை அறியேம். முடிவைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பும், அருகிருக்கும் வாய்ப்பும், அமைதியான காலத்தில் வாழ்வோர்க்குக் கிடைத்த பேறுகள். அவற்றை முகந்திருப்பிக்கொண்டு வீணாக்கலாகாது.

இனி ஒரு தடை எழும். "அங்ஙனமாயின், தீராநோயாற் கிடக்கும் பாட்டிக்கும் இதுவே செய்யலாமோ?" என்று கேட்பர், மாணவரும் கேட்பர். அன்று. மனிதர் தம் கருத்தைத் தாமே சொல்ல வல்லவர். அவர்க்காகப் பிறர் துணிதற்கு உரிமையில்லை. மேலும், நோயினிடையிலும் இறைவனை நினைத்தலும், பிழைபொறுத்தலும், பிள்ளைகளுக்கு விடைசொல்லுதலும் அவர்க்குக் கூடும். வேதனைக்கு ஒரு பொருள் காணும் ஆற்றல் அவர்க்குண்டு. நாய்க்கோ நாளையென்பது தெரியாது. இன்றைய நோவே அதற்கு உலகம் முழுவதும். "நாளை மாறும்" என்று நாம் அதற்குச் சொல்லித் தேற்றுதற்கியலாது. வாயில்லாத அவ்வுயிருக்காகத் துணியும் பொறுப்பு, அதனை வளர்க்க ஏற்றுக்கொண்ட நாளிலேயே நம்மேல் வந்துவிட்டது.

ஊசியிடுவிக்க மனம் ஒருப்படாத சைவரும் இருப்பர். அவரை யான் குறைகூறேன். ஆனால், அவர் மேற்கொள்ளவேண்டிய கடமை ஒன்றுண்டு. கொல்லாமை என்பது கையைக் கட்டிக்கொண்டு நிற்றலன்று. நோவு தணிக்கும் மருந்தை வைத்தியரிடம் பெற்று நேரந்தவறாது கொடுத்தல், புண்படாவண்ணம் புரட்டிக் கிடத்துதல், ஈ மொய்த்துப் புழுப்பற்றாமற் காத்தல், நாவை நனைத்தல், இரவிலும் எழுந்து பார்த்தல் என்னும் இவையெல்லாம் செய்து, இறுதிவரை உடனிருப்பவரே "நான் கொல்லவில்லை" என்று கூறத்தகுவார். யன்னலைச் சாத்திக்கொண்டவன் அதனைக் கூறத்தகான்.

ஒரு வாரம் கழிந்தபின் அம்மாணவனை அழைத்து விடை கூறினேன். "உறங்க வைத்தோம்" என்று பூசி மெழுகவில்லை. அங்ஙனம் கேட்ட குழந்தை, பின்னர் உறங்குதற்கே அஞ்சும். "நான் மணியின் உயிரை முடிப்பித்தேன். அது கொலையன்று என்று உனக்குச் சொல்லமாட்டேன். அதன் நோய் தீராது என்பதை வைத்தியர் சோதித்துச் சொன்னார். அதன் நோவை எங்களால் இனித் தணிக்க முடியவில்லை. அது படும் பாட்டிலும், நான் படும் பழி சிறிதென்று எனக்குத் தோன்றியது. அந்தப் பழியை நானே ஏற்றுக்கொண்டேன். பிழையாயின் அதற்கு இறைவனிடம் கணக்குக் கொடுக்கவேண்டியவன் நானே" என்றேன். அவன் நெடுநேரம் ஒன்றும் பேசாது நின்று, "அப்பொழுது நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களா, ஐயா?" என்று கேட்டான். "இருந்தேன், அதன் தலை என் மடியில் இருந்தது" என்றேன். அவன் தலையசைத்துத் தன் இடத்துக்குச் சென்றான்.

ஆசிரியர்காள், அறம் இரண்டாகப் பிரிந்து நிற்பதுபோலத் தோன்றும் இடங்கள் வாழ்விலே வரும். அவ்விடங்களில், எளியது எது என்றும், என்னைத் தூயவனாகக் காட்டுவது எது என்றும் கேளாது, என்னை நம்பியிருக்கும் உயிருக்கு நன்மை எது என்று கேட்டல் வேண்டும். அக்கேள்வியை நாம் நேர்மையாகக் கேட்டுத் துணிவோமாயின், துணிவு இருவகையில் எதுவாயினும், கொல்லாமையின் வேராகிய அருள் நம்மிடத்திற் பட்டுப்போகாது நிற்கும்.